மேலோடை மீன்களுக்கு வைக்காத ஐஸ்

பொசன் போயா அன்று, அந்தப் பௌர்ணமி விடுமுறையில், நீ டியூப்களை ஐஸில் வைக்கவில்லை. மேலோடையில் பிடித்த மீன்களின் மூளையை வெறும் மேசையில் வைத்து, இடையில் நிறுத்தாமல், சூடேறும்வரை அரைத்தாய். சந்தேகப்படுகிறேன் என்று நான் எழுதவில்லை. நீ செய்தாய் என்று எழுதுகிறேன்.

திங்கட்கிழமை காலையில் இது எனக்குத் தெரிந்தது, மூக்கு வழியாக. ஆட்டு ஈரல் துண்டு ஒன்றை அரைத்துக்கொண்டிருந்தேன். அதே ஹோமோஜினைசர்தான். பேனாவைவிடக் கொஞ்சம் தடித்த உருக்குக் குழல், அதன் நுனியில் சுழலும் பற்கள், நீ "மத்து" என்று பெயர் வைத்த அதே சாமான். வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். ஒரு கையில் மெசினை ஓடவிட்டபடியே திரும்பிப் பேசினேன். பேச்சு நீண்டது. பார்த்தால் டியூபின் வாய்வரை நுரை. தொட்டால் பிளேன்டீ கிளாஸ் மாதிரிச் சுட்டது. அதற்குப் பிறகு அந்த மணம் எழும்பியது. பச்சை இரத்த மணமும் இல்லை, வெந்த இறைச்சி மணமும் இல்லை. இரண்டுக்கும் நடுவில், வாய்க்குள் இரும்பு வைத்தது போல ஒன்று.

அதை நான் இரண்டாம் முறையாக முகர்கிறேன் என்று உடனே விளங்கிவிட்டது. முதல் முறை போன வருடம், பொசன் போயா பகலில், நீ தனியாக வேலை செய்துகொண்டிருந்த அறையில். உன் ஸ்காஃபில்கூட அது ஏறியிருந்தது. என்ன நாற்றம் என்று கேட்டேன். "ஒன்ட ரத்தோட்ட பஸ் நாத்தம்டி, மொதல்ல குளிச்சிட்டு வா" என்றாய். நானும் சிரித்தேன்.

ஈரல் டியூபைக் கழுவாமல் மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். நீ போய் மாதங்கள் ஆகின்றன. அதுவரை உன்னை நினைத்தால் வருத்தம் மட்டும்தான் வந்தது. அன்றுதான் முதல் தடவையாகக் கோபம் வந்தது.

வேறு யாராவது செய்திருந்தால் கவனயீனம் என்று விட்டிருப்பேன். நம் ஆய்வுகூடத்தில் கவனயீனத்துக்கா பஞ்சம்? ஆனால் நீ ஐஸ் விஷயத்தில் பைத்தியம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் கையிலிருந்து டியூபைப் பிடுங்கியது ஞாபகம் இருக்கிறதா?

"என்னடி, தேத்தண்ணியா ஊத்துறாய்? எறக்கு. ஐசுக்குள்ள வை."

"கொஞ்ச நேரந்தானே ஓடிச்சு."

"ஒன்ட மூளைய அப்பிடிக் கொஞ்ச நேரம் கடைஞ்சு பாப்பமா?"

"கடைஞ்சு பாரு. உள்ள ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சிடும்."

"அது தெரிஞ்சதுதானே. அதனாலதான் மீன்ட மூளைய எடுக்கச் சொல்லியிருக்காங்க."

இருவரும் ஒரே வயது. நீ எனக்கு ஒரு வருடம் முன்னதாகச் சேர்ந்ததால் அதிகாரம் உன்னிடம். கொஞ்சம் ஓடவிடு, நிறுத்து, ஐஸில் ஆறவிடு, திரும்ப ஓடவிடு. ஒரு மாதிரியிலிருந்து மற்றதற்குப் போகும்போது குழலைக் கழற்றி, பற்களுக்குள் தங்கிய இழையை ஊசியால் எடு. "இவங்களுக்குக் காய்ச்சல் வரப்படாது" என்று டியூப்களைக் காட்டிச் சொல்வாய், ஏதோ நேர்சரிப் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவது போல.

ஐஸ் செய்யும் மெசின் பழுது. அடுத்த மாதம் திருத்துவோம் என்று ஆய்வுகூடப் பொறுப்பாளர், நம் சேர், ஒவ்வொரு மாதமும் சொல்வார். அதனால் மாத்தளை மாக்கட்டில் மீன் கடைக்காரரிடம் உடைத்த ஐஸ் வாங்கி, ரெஜிஃபோம் பெட்டியில் போட்டு, த்ரீவீலில் அலுவிகாரை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவருவோம். ஐஸோடு மீன் செதிலும் வரும். பெரிய படிப்புப் படித்தவர்கள் நடத்துகிற இடம் ஒன்று மீன் கடைக்காரரின் தயவில் ஓடியது. அதைப் பற்றி யாருக்கும் வெட்கம் இல்லை.

அந்த மீன்கள் எதற்காக வந்தன என்பதை நீ மறந்திருக்க மாட்டாய். ஆனாலும் சொல்கிறேன். சொன்னால்தான் நீ செய்தது எவ்வளவு பெரியது என்று எனக்கே தெரிகிறது.

இரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் போகிற பாதையில் உள்ள தோட்டத்தில் என் அம்மா தேயிலைக் கொழுந்து பறிக்கிறாள். மலைச்சரிவில் பூச்சிமருந்து அடித்தால் மழை அதை ஓடைக்குக் கொண்டுவரும். ஓடைத் தண்ணீர்தான் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, லயத்துத் தாங்கிக்கு, வருகிறது. மீன் செத்து மிதந்தது. ஆட்களுக்குத் தலைச்சுற்றல், கையில் நடுக்கம். தொடர்ந்து முறைப்பாடு போனதும் தோட்ட நிர்வாகமே தண்ணீரைச் சோதிக்க நம் ஆய்வுகூடத்தைப் பிடித்தது. குற்றம் சாட்டப்பட்டவன் தானே நீதவானைத் தேர்ந்தெடுப்பது இந்த நாட்டில் புதிதில்லை.

நீயும் நானும் மீன் பிடிக்கப் போனோம். தோட்டத்துக்கு மேலே, காட்டுக்குள், மருந்து படாத ஓடையில் ஒரு கூட்டம். லயத்துக்குக் கீழே இன்னொரு கூட்டம். விரல் நீள மீன்கள். வெள்ளைச் சப்பாத்தோடு வந்த உன் காலில் அட்டை ஏறியதும் நீ போட்ட சத்தத்தில் வலையில் இருந்தது பாதி தப்பியது. அம்மா உப்பைக் கொண்டுவந்து தடவினாள்.

"டவுன் ரத்தம்னா அட்டைக்கும் ருசிதான் போல," என்றாள் அம்மா.

"ஒங்கட மகள்ட ரத்தத்த அது தொடவேயில்ல, மாமி. கசப்புன்னு தெரிஞ்சிருக்கு."

பிறகு லயத்து வாசலில் தேத்தண்ணீர் தந்தாள். நீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்கத் தயங்கினாய். அம்மா கவனித்துவிட்டாள். "குடி புள்ள. மருந்தடிச்ச மறுநாத்தான் நாக்கு மரக்கும். இன்னைக்கு ஒண்ணும் செய்யாது."

"அப்ப ஏன் மாமி இந்தத் தண்ணியக் குடிக்கிறீங்க?"

"வேற கொழா நீ கொண்டாந்தியா?" என்று கேட்டு அம்மா சிரித்தாள்.

நீ கிளாஸைக் கடைசிச் சொட்டுவரை குடித்தாய். அன்று உன்னை எனக்கு மிகவும் பிடித்தது. திரும்பும்போது பஸ்ஸில் என் காதுக்குள் சொன்னாய்: "மேல மீனும் கீழ மீனும் கதைக்கட்டும்டி. நாம வாயத் தொறக்கத் தேவல்ல."

மீன்கள் கதைக்கிற விதம் சின்ன விஷயம்தான். பூச்சிமருந்து உடம்பில் ஏறினால் மூளையில் இருக்கும் ஒரு நொதியம் முடங்கிப்போகும். மூளையைக் குளிரில் அரைத்து, சுழற்றி, மேலே தெளிகிற நீரை எடுத்து அதற்குரிய கரைசலைச் சேர்க்க வேண்டும். நொதியம் உயிரோடு இருந்தால் கடும் மஞ்சள் வரும். முடங்கியிருந்தால் வெளிறிய மஞ்சள். காட்டு மீன் கடும் மஞ்சளாகவும் லயத்து மீன் வெளிறலாகவும் இருந்தால் கேள்வி முடிந்தது. ஆனால் சூடும் அதே நொதியத்தைக் கொல்லும். கொன்றது மருந்தா, சூடா என்று நிறம் சொல்லாது. இது உனக்குத் தெரியும். எனக்குச் சொல்லித் தந்ததே நீதான்.

லயத்து மீனை முதலில் அரைத்தோம், இருவரும் சேர்ந்து, செதில் ஒட்டிய ஐஸில் முறையாக வைத்து. பாசிப்பயறு அளவு மூளைகள். கரைசலை விட்டதும் வெளிறிப்போன ஒரு மஞ்சள். எலுமிச்சைச் சாற்றில் நிறையத் தண்ணீர் கலந்தது மாதிரி. "மாட்டினாங்கடி" என்று என் முதுகில் அடித்தாய். சேர் வந்து டியூப்களை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். காட்டு மீனை அன்றைக்கே செய்து முடிப்போம் என்று நாம் சொன்னோம். அவசரமில்லை, பிரீசரில் இருக்கட்டும் என்றார்.

பிறகு திடீரென்று அவசரம் வந்தது. போயா விடுமுறையில், உனக்கு மட்டும் வேலை. எனக்கு யாரும் சொல்லவில்லை. முந்தின நாள் நீ வாய்தவறிச் சொன்னதால்தான் எனக்குத் தெரியும். உனக்குப் பகல் சாப்பாடு கொண்டுவருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாய். உனக்குச் சாப்பாடு வேண்டாம் என்பது அதற்கு முன் நான் கேட்டறியாத செய்தி.

வந்தேன். பஸ்ஸில் வெள்ளை உடுத்தவர்கள் நெருக்கியடித்துக்கொண்டு விகாரைக்குப் போனார்கள். ஏ-ஒன்பது வீதியில் இரண்டு பக்கமும் தன்சல் பந்தல்கள். போகிறவர் வருகிறவர் எல்லோரையும் மறித்து இலவசமாக சர்பத் கொடுத்தார்கள். பெரிய வாளிகளில் தேங்காய் அளவு ஐஸ் கட்டிகள் மிதந்தன. நானும் வரிசையில் நின்று ஒரு கப் குடித்து, உனக்கும் ஒரு கப் வாங்கிக்கொண்டு, வாயில் ஐஸ் துண்டோடு உள்ளே நுழைந்தேன்.

எப்போதும் மூடியிருக்கும் ஜன்னல் எல்லாம் திறந்து கிடந்தது. ஃபேன் முழு வேகத்தில் சுற்றியது. நீ குழலைக் கழுவிக்கொண்டிருந்தாய். வேலை முடிந்துவிட்டது என்றாய். நானும் பஸ்ஸில் நசுங்கித்தான் வந்தேன் என்றாய். இன்று மீன் கடை எல்லாம் பூட்டு, ஐஸுக்கு என்ன செய்தாய் என்று கேட்டேன்.

"நேத்தே வாங்கி பிரீசர்ல போட்டுட்டேன். நான் என்ன ஒன்ன மாதிரியா?"

கப்பை நீட்டினேன். நீ சர்பத்தைத் தொடவில்லை. ஐஸை மட்டும் விரலால் எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டாய்.

உன் காட்டு மீனும் வெளிறிய மஞ்சள்தான் தந்தது. மேலேயும் கீழேயும் ஒரே நிறம். காட்டு மீன் ஏன் இப்படி இருக்க வேண்டும் என்று சேரிடம் கேட்டேன். "மலை மீனுக்கு நொதியம் கொஞ்சம் குறைவாத்தான் இருக்கும், தங்கச்சி" என்றார். நீ தலையைக் குனிந்து கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாய். நீ பேசுவாய் என்று பார்த்தேன்.

"குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை" என்று தோட்டத்துக்கு அறிக்கை போனது. தோட்டத்தை நிர்வகிக்கும் துரை லயத்து ஆட்களை, காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக் களத்தில் நிறுத்தி, உங்கள் தண்ணீரும் காட்டுத் தண்ணீரும் ஒன்றுதான், ஆராய்ச்சி பண்ணிப் பார்த்தாகிவிட்டது என்று சொன்னார். துரை பங்களாவுக்குத் தண்ணீர் பெரிய பிளாஸ்டிக் போத்தலில் லொறியில் வருகிறது. "அப்ப தொரைய ஒரு சொம்பு குடிச்சுக் காட்டச் சொல்லு" என்று அம்மா கூட்டத்தின் பின்னாலிருந்து சத்தம் போட்டாளாம். ஆட்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போய் அதே தாங்கியில் தண்ணீர் பிடித்தார்கள். இப்போதும் பிடிக்கிறார்கள். அம்மாவுக்கு இப்போது தேத்தண்ணீர்க் கிளாஸை இரண்டு கையாலும் பிடித்தால்தான் சிந்தாது.

அடுத்த மாதம் உனக்கு நிரந்தர நியமனம் வந்தது. எனக்கு வரவில்லை. பொறாமைப்பட்டேனா என்றால் கொஞ்சம். ஆனால் உனக்குக் கேக் வாங்கி வந்தேன்.

இன்னொரு சாமானும் வந்தது. கரி போட்ட தண்ணீர் பில்டர். அம்மாவுக்கு என்று நீ வாங்கித் தந்தாய். தோட்டத்துக்கு வரமாட்டாய், என் கையில்தான் கொடுத்து அனுப்பினாய். "கொதிக்க வச்சா மட்டும் பத்தாது எண்டு மாமிக்குச் சொல்லு. கட்டாயம் இதுல ஊத்தித்தான் குடிக்கணும்." அப்போது நான் உருகிப்போனேன். இப்போது யோசிக்கிறேன். கிருமிக்குப் பயந்தவள் கொதிக்க வைக்கச் சொல்லியிருப்பாள். கரி, மருந்தைப் பிடிப்பதற்கு. மேலேயும் கீழேயும் ஒரே தண்ணீர் என்று முடிவு கொடுத்த கையே என் அம்மாவுக்கு மட்டும் பில்டர் வாங்கியிருக்கிறது. லயத்தில் மற்றவர்களுக்கு?

மழைக்காலத்தில் உனக்கு டெங்கு. ஆஸ்பத்திரியில் ஒருமுறைதான் பார்க்க விட்டார்கள். ஏதோ சொல்ல வாயெடுத்தாய். நர்ஸ் என்னை வெளியே போகச் சொன்னாள். உன்னை அடக்கம் செய்த ஜனாஸா அன்று உன் உம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவரைவிட அதிகமாக அழுதேன் என்று உன் சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். அந்த அழுகையைத் திரும்பக் கேட்கமாட்டேன். அது உனக்குரியதுதான்.

இப்போது இந்தக் கிழமைக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை மாக்கட்டுக்குப் போய் மீன் கடைக்காரரிடம் கேட்டேன். போன பொசனுக்கு முதல் நாள் உங்களிடம் அவள் ஐஸ் வாங்கினாளா? அவர் யோசிக்கவே இல்லை. "எப்பிடி வாங்குற? அந்தக் கிழம முழுக்கக் கட பூட்டுத்தானே. மகள்ட கல்யாணம். அந்தப் புள்ளயும் சாப்பாட்டுக்கு வந்திச்சே." வேறு எங்காவது வாங்கியிருக்கலாம் என்று என் மனசு உனக்காக வாதாடியது. அப்படியானால் அந்தச் சூட்டு மணம் எப்படி வந்தது? ஜன்னல் ஏன் திறந்தது? ஐஸ் தீர்ந்திருந்தாலும் வீதி முழுக்க ஐஸ் மிதந்ததே. படி இறங்கி ஒரு வாளியைக் கேட்டிருந்தால் அந்தச் சனம் தூக்கிக்கொண்டு வந்து தந்திருக்கும். ஐஸ் இல்லாததால் நீ சூடாக்கவில்லை. சூடாக்க வேண்டியிருந்ததால் ஐஸ் தேடவில்லை.

புதன்கிழமை சேரிடம் போனேன். காட்டு மீன் டியூப்கள் சூடாகியிருக்கின்றன, அந்த முடிவு செல்லாது, புது மீன் பிடித்துத் திரும்பச் செய்ய வேண்டும், மழை விட்டதும் தோட்டத்தில் அடுத்த மருந்தடிப்பு தொடங்குகிறது என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. எதிரே கதிரையைக் காட்டினார்.

"செய்வம் தங்கச்சி. ஆனா திரும்பச் செய்யுறதுக்கு ஒரு காரணம் வேணுமே. அந்தப் பிள்ளைட கவனக்குறைவு எண்டு ஒரு வரி எழுதித் தாங்க. நான் சைன் வைக்கிறேன்."

"அவளாத்தான் செஞ்சான்னு நான் எப்படி சேர் எழுதுறது? யாராவது சொல்லிச் செஞ்சிருந்தா?"

பேனாவை மூடி வைத்தார். "யார் சொல்லியிருப்பாங்க எண்டு நினைக்கிறீங்க?"

அந்த மூடிய பேனாவைப் பார்த்தேன்.

"பாவம், அந்தப் பிள்ளை மௌத்தாகிட்டா. எழுதினா அவவுக்கு இனி நட்டம் ஒண்டுமில்ல. இருக்கிறவங்களப் பத்தி எழுதினாத்தான் நட்டம். வெள்ளிக்கிழமைக்குள்ள தாங்க."

எவ்வளவு சுத்தமான வேலை, பார்த்தாயா? நீ உயிரோடு இருந்தபோது உன் கையைப் பயன்படுத்தினார்கள். இப்போது உன் பெயரை. அந்த வரியை எழுதினால் அம்மாவின் தண்ணீருக்கு மறுபரிசோதனை கிடைக்கும், மற்றவர்கள் எல்லோரும் கை கழுவிக்கொள்வார்கள். எழுதாவிட்டால் துரையின் பேச்சே நிலைத்துவிடும்.

அதனால் இன்று பின்னேரம் உன் வீட்டுக்குப் போனேன். உன் உம்மா சோறு போட்டார். சாப்பிட்டபடியே சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டேன், பொசன் போயாவில் நீ எப்படி வேலைக்குப் போனாய் என்று.

"சேர்ட கார் வந்திச்சே மகள், விடிஞ்சதும். பஸ் நெரிசல் எண்டு கூட்டிட்டுப் போனாங்க. திரும்பி வந்தவ சோறும் தின்னல்ல, தலைவலி எண்டு படுத்துட்டா." கறியை என் சோற்றுக் கோப்பையில் ஊற்றினார். "சேர் நல்ல மனுசன். மௌத் வீட்டுக்கு வந்து, எம்மகள்ட வேலைல ஒரு பிழை காணேலாது எண்டு எல்லாருக்கும் முன்னால சொன்னாங்க. அந்தச் சொல்லத்தான் நான் புடிச்சிட்டு ஈக்கிறேன். ஏன் மகள் கேக்கிறீங்க?"

சும்மா கேட்டேன் என்று சொல்லிவிட்டு எழும்பி வந்தேன்.

பஸ்ஸில் வந்தேன் என்று என்னிடம் சொன்னவள் காரில் வந்திருக்கிறாய்.

உன்னிடமிருந்து எனக்கு வந்தது என் கையில் இருக்கிறது. ஒவ்வொரு தடவை மெசினை நிறுத்தியதும் டியூபை உள்ளங்கையில் அழுத்திக் குளிர் இருக்கிறதா என்று பார்க்கிறேன். யோசிக்காமலே கை அதைச் செய்கிறது. நீ பழக்கியது. இவ்வளவு தெரிந்த பிறகும் அந்தப் பழக்கத்தை விடமாட்டேன். அது சரியான பழக்கம். அதைத் தந்தவள் ஒரு நாள் வேண்டுமென்று மீறினாள் என்பதுதான் என்னை உறங்கவிடாமல் வைத்திருக்கிறது.

நாளை வெள்ளிக்கிழமை. உன் பெயரை எழுதுவேன். அதில் தயவு காட்ட மாட்டேன். அம்மாவின் கை நடுங்குகிறது. ஆனால் உன் பெயரை மட்டும் தனியே நிற்க வைக்க எனக்கு மனசில்லை. பக்கத்தில் இன்னொரு பெயர் வர வேண்டுமானால் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஊகம் போதாது. உன் வீட்டு வாசலிலிருந்து அலுவிகாரைவரை அந்தக் காருக்குள் என்ன பேசினீர்கள்? அவர் வாயைத் திறந்து சொன்னாரா? நியமனத்தைக் காட்டினாரா, பயத்தைக் காட்டினாரா? இல்லை, அவர் ஒன்றும் சொல்லாமலே, என்ன வேண்டும் என்று நீயாகவே விளங்கிக்கொண்டாயா? நியாயம் எதுவும் வேண்டாம். மன்னிப்பும் வேண்டாம். ஒரு சொல் போதும் எனக்கு.

அவரா, நீயா? சொல்லுடி.